சீனக்குடா ஏரோட்ரோம் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், தாத்தா அங்கே வேலை பார்த்தவர்

கோத்தகிரி_பேரன்:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் கோத்தகிரிப் பக்கம், சிலோனில் இருந்து வந்த குடும்பம். தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி, ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அங்கிருந்து நீலகிரி என்று இங்கே பாதிப் பேருக்கு இருக்கும் அதே கதைதான். சிலோன்காரர் என்றாலே தேயிலைத் தோட்டத்தில் இருந்து வந்தவர்கள் என்றுதான் ஊரில் நினைப்பார்கள். எங்கள் தாத்தாவும் கடைசியில் பண்டாரவளைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தோட்டத்து ஆட்களின் வரிசை வீட்டில், இருந்தவர்தான், ஆனால் அதற்கு முன்னால் ரொம்ப வருஷம் திருகோணமலையில், சீனக்குடாவில் இருந்த வெள்ளைக்காரன் ஏரோட்ரோமில் வேலை பார்த்தாராம்.

போன மாதம் சாதிச் சான்றிதழுக்காகப் பழைய குடும்ப அட்டையைத் தேடித் தகர டிரங்குப் பெட்டியைக் கிளறியபோது ஒரு தாள் கிடைத்தது. நாலாக மடித்து, மடிப்பு கிழிந்து, யாரோ பின்பக்கம் செல்லோ டேப் ஒட்டியிருக்கிறார்கள், அந்த டேப்பும் பழுப்பாகிவிட்டது. டைப் அடித்த எழுத்து. தாத்தா பெயர் தப்பும் தவறுமாக இருக்கிறது, வேலை என்கிற இடத்தில் ‘லேபரர்’, நடத்தை ‘குட்’, காரணம் என்கிற இடத்தில் இனி ஆள் தேவையில்லை என்கிற மாதிரி ஒரு வரி. கீழே ஊதா ரப்பர் ஸ்டாம்பில் ஆர்.ஏ.எஃப். (பிரிட்டிஷ் விமானப்படை) சைனா பே, அதாவது சீனக்குடா, வருஷம் 1957.

என் குழப்பம் இதுதான். சிலோனுக்கு 1948-லேயே சுதந்திரம் வந்துவிட்டது. அப்புறம் எப்படி 1957-ல் வெள்ளைக்காரன் ஏர்போர்ஸ் அங்கே ஸ்டாம்ப் குத்திக்கொண்டிருந்தது? வருஷம் தப்பாக அடித்துவிட்டார்களா?

தாத்தா சொன்ன கதைகள் வேறு இருக்கின்றன. ஜப்பான்காரன் குண்டு போட்ட அன்றைக்கு ஒரு விமானம் நேராக எண்ணெய்த் தாங்கி மேல் விழுந்து ஏழு நாள் எரிந்தது என்பார். இன்னொரு சமயம் வீடு மாதிரி பெரிய அமெரிக்க விமானங்கள் வரிசையாக வந்து இறங்கி, ஒரே ராத்திரியில் எல்லாம் கிளம்பிப் போனது என்பார். எங்கள் மாமா இதெல்லாம் தாத்தா விட்ட கப்சா, அமெரிக்காக்காரனுக்கு சிலோனில் என்ன வேலை என்று சிரிப்பார். தாத்தா போய்விட்டார், கேட்க ஆள் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குன்னூர்_வாத்தியார்:

தம்பி, அந்தத் தாளில் ஒரு தப்பும் இல்லை, பத்திரமாக வையுங்கள், முதலில் அந்த செல்லோ டேப்பைப் பிய்க்காதீர்கள், தாளோடு வந்துவிடும்.

1948 பிப்ரவரி 4-ல் சுதந்திரம் வந்தது சரி. ஆனால் அதற்கு மூன்று மாதம் முன்பே, 1947 நவம்பரில், சிலோன் பிரதமர் டி.எஸ். சேனநாயக்காவும் பிரிட்டனும் ஒரு பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். திருகோணமலை துறைமுகமும் விமானத் தளங்களும் பிரிட்டிஷ் படைகளின் உபயோகத்தில் தொடரலாம் என்று அதில் இருந்தது. ஆகவே கொடி மாறியது, முகாம் மாறவில்லை. சீனக்குடாவில் விமானப்படை, பக்கத்தில் துறைமுகத்தில் கடற்படை, கொழும்புப் பக்கம் கட்டுநாயக்காவில் இன்னொரு பெரிய விமானத் தளம், எல்லாம் அப்படியே நடந்தன. உங்கள் தாத்தா மாதிரி ஆட்கள் காலையில் அதே கேட்டில் நுழைந்து அதே வேலையைத்தான் செய்திருப்பார்கள்.

1956 ஏப்ரல் தேர்தலில் பண்டாரநாயக்கா ஜெயித்துப் பிரதமராக வந்தார். தளங்களைத் திரும்ப வாங்குவேன் என்பது அவருடைய முக்கியமான வாக்குறுதிகளில் ஒன்று. அந்த வருஷமே லண்டன் போய்ப் பேசிக் கொள்கையளவில் சம்மதம் வாங்கிவிட்டார், அதே வருஷம் சூயஸ் சண்டை வந்தபோது அன்னியத் தளம் நம் மண்ணில் இருந்தால் என்ன தலைவலி வரும் என்பது சிலோனில் எல்லோருக்கும் உறைத்தது. 1957 அக்டோபர் 15-ல் திருகோணமலை கடற்படைத் தளம் கைமாறியது, நவம்பர் 1-ல் கட்டுநாயக்கா. சீனக்குடாவும் அந்த வருஷத்தில்தான் போனது. பிரிட்டிஷ் விமானப்படை மாலத்தீவின் தென்கோடியில் கான் தீவுக்குப் போய் அங்கே ஓடுபாதை போட்டுக்கொண்டு 1976 வரை இருந்தது.

தாத்தாவுக்குச் சீட்டு கிழிந்தது அதனால்தான். அவர் என்ன தப்பு செய்தார் என்று வீட்டில் யாராவது பேசியிருந்தால் அதை விட்டுவிடச் சொல்லுங்கள்.

குண்டு போட்ட கதையும் உண்மை. அது நீளம், ராத்திரி எழுதுகிறேன்.

சூலூர்_ரிட்டயர்டு:

ஏங்க, சிலோன் வரைக்கும் எதுக்குப் போகணும், மலையை விட்டு இறங்கினா நம்ம சூலூர் இல்லையா. இரண்டாம் உலகப் போரில் கோயம்புத்தூரில் பிரிட்டிஷ் கடற்படை விமானங்களைப் பழுது பார்க்கிற பெரிய பணிமனையே இருந்தது, 1942-ல் ஆரம்பித்தது, பெயர் ‘கருடா’. தரையில் இருந்தாலும் கடற்படைக்கு அது கப்பல் கணக்கு, அதனால் கப்பல் பெயர். சூலூர் தளத்துக்குப் பெயர் ‘வைரி’. இரண்டையும் 1946-ல் மூடினார்கள். இப்போது கொச்சியில் நம் கடற்படை வைத்திருக்கும் கருடா வேறு, அது 1953. ஆட்கள் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள், அதற்காகச் சொல்கிறேன். இன்றைக்கு சூலூர் தேஜஸ் விமானங்களுக்குப் பெயர் போன இடம், ஆனால் நீலகிரியில் சூலூர் என்றாலே 2021 டிசம்பர் 8-ல் பிபின் ராவத் போன ஹெலிகாப்டர் விழுந்த நஞ்சப்பசத்திரம்தான் ஞாபகத்துக்கு வருது, என்ன செய்ய.

ஒரு விஷயம் மட்டும் எனக்கும் இடிக்குது. அமெரிக்க விமானம் ஒரே ராத்திரியில் அத்தனை வந்து போனது என்பது கொஞ்சம் ஓவர். அமெரிக்காக்காரன் இருந்தது வங்காளத்திலும் அசாமிலும்.

பந்தலூர்_செல்வி:

கோத்தகிரி தம்பி, நாங்களும் சிலோன்தான், அம்மாச்சி வழியில் திருகோணமலை. எங்க வீட்டில் அதை ‘கேம்ப்’ என்றுதான் சொல்வார்கள், ஏரோட்ரோம் என்று சொன்னால் அம்மாச்சிக்குப் புரியாது. ஜப்பான் குண்டு விழுந்தப்போ திருகோணமலை டவுனே காலியாகிப் பானை சட்டியைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் காட்டுப் பக்கம் ஓடினார்களாம். அம்மாச்சி அப்போது சின்னப் பிள்ளை, அடுப்பில் இருந்த சோற்றை விட்டுவிட்டு வந்ததைத்தான் சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தது, குண்டைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னது கிடையாது.

நான் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு அந்தப் பக்கம் போயிருந்தேன். ரயிலில் போனால் திருகோணமலைக்குச் சற்று முன்னால் சீனக்குடா என்றே ஸ்டேஷன் இருக்கிறது. ஏர்போர்ஸ் முகாம் இப்போது இலங்கை விமானப்படையுடையது, உள்ளே விட மாட்டார்கள். எண்ணெய்த் தாங்கிகள் மட்டும் காட்டுக்குள் அங்கங்கே தெரியும். ஒவ்வொன்றும் நம்ம டீ ஃபேக்டரி அளவு பெரிய இரும்பு உருளை, துரு ஏறி, மேலே கொடி படர்ந்து, குரங்கு உட்கார்ந்திருக்கும். எரிந்துபோன தாங்கியை ஒரு மாமா கூட்டிப்போய் எட்டத்தில் இருந்து காட்டினார். அந்த இரும்புத் தகடு உருகி உள்பக்கமாக மடிந்து, துணியைக் கசக்கிப் போட்ட மாதிரி கிடக்கிறது. அப்படி மடிய வேண்டுமென்றால் எத்தனை நாள் எரிந்திருக்கணும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். உங்க மாமாவை ஒரு தடவை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள்.

குன்னூர்_வாத்தியார்:

சொன்ன மாதிரி எழுதுகிறேன், நீளமாகத்தான் வரும், பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. அதோடு இந்து மகாசமுத்திரத்தில் பிரிட்டிஷ் கப்பற்படைக்கு உருப்படியாக மிச்சம் இருந்தது கொழும்பும் திருகோணமலையும்தான். திருகோணமலையின் பெருமை அந்த இயற்கைத் துறைமுகம் மட்டும் இல்லை, சீனக்குடாக் காட்டுக்குள் போருக்கு முன்பே கட்டி வைத்திருந்த நூறு சொச்சம் எண்ணெய்த் தாங்கிகளும்தான், ஒவ்வொன்றும் சுமார் 12,000 டன் பிடிக்கும். கப்பலுக்கு எண்ணெய் இல்லாவிட்டால் துறைமுகம் இருந்து என்ன. அந்த எண்ணெய்க்கும் துறைமுகத்துக்கும் காவல்தான் பக்கத்தில் இருந்த விமானத் தளம். 273-ஆம் ஸ்குவாட்ரன் (விமானப் படைப்பிரிவு) 1939 ஆகஸ்டில் அங்கேயேதான் உருவானது, கையில் இருந்தது வில்டபீஸ்ட் என்கிற இரட்டை இறக்கை விமானம். ஜப்பான் நெருங்கி வந்த பிறகுதான் 1942 மார்ச்சில் 261-ஆம் ஸ்குவாட்ரனின் ஹரிக்கேன் சண்டை விமானங்கள் வந்து சேர்ந்தன, கொஞ்சம் தாமதமாகியிருந்தால் அதுவும் இல்லை.

ஏப்ரல் 4-ல் தெற்கே கொக்கலையில் இருந்து போன கேட்டலினா கடல் விமானம் ஒன்று ஜப்பான் கப்பற்படையைக் கண்டுபிடித்தது. ஓட்டியவர் பர்ச்சால் என்கிற கனடாக்காரர். செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்திவிட்டார்கள், பிழைத்தவர்கள் போர் முடியும் வரை ஜப்பான் சிறையில் இருந்தார்கள். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் குண்டு. திருகோணமலையின் முறை ஏப்ரல் 9, வியாழக்கிழமை, காலை ஏழரை வாக்கில். பேர்ல் துறைமுகத்தை அடித்த அதே ஜப்பான் தளபதி நகுமோ, ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள், சுமார் 130 விமானங்கள். இந்த முறை ரேடார் முன்கூட்டியே சொல்லிவிட்டதால் ஹரிக்கேன்கள் மேலே எழும்ப நேரம் கிடைத்தது. எழும்பியதில் கிட்டத்தட்டப் பாதி போய்விட்டது. விமானக் கொட்டகைகள், ஓடுபாதை, கடற்படைப் பட்டறை எல்லாம் அடி வாங்கின. துறைமுகத்தில் சகாயிங் என்கிற கப்பல் தீப்பிடித்து எரிந்தது. அதை 2018-ல்தான் இலங்கைக் கடற்படை கடலடியில் இருந்து தூக்கியது.

தாங்கி மேல் விழுந்த விமானத்தில் மூன்று பேர் இருந்தார்கள். வேண்டுமென்றே மோதினார்களா, அடிபட்டு விழுந்தபோது தாங்கி குறுக்கே இருந்ததா என்று இன்னும் வாதம் போகிறது, இலங்கையில் வழிகாட்டிகள் முதல் கதையைத்தான் விரும்பிச் சொல்வார்கள். எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கிறது. தற்கொலைப் படை என்று ஜப்பான் தனியாக ஒன்றை ஏற்பாடு செய்தது 1944 அக்டோபரில். ஏழு நாள் எரிந்தது என்பது அங்கே எல்லோரும் சொல்லும் கணக்கு, தாத்தா புதிதாகக் கட்டியது இல்லை.

அன்றைக்கு நடந்த பெரிய கொடுமை வேறு. ஹெர்மிஸ் என்கிற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல், தாக்குதல் வரும் என்று தெரிந்து முதல் நாள் இரவே துறைமுகத்தை விட்டுத் தெற்கே போய்விட்டது, புத்திசாலித்தனமான காரியம்தான். ஆனால் அதில் இருக்க வேண்டிய விமானங்களைக் கரையில் இறக்கிவிட்டிருந்தார்கள். காலையில் திருகோணமலையில் குண்டு வீச்சு ஓய்ந்து, திரும்பி வந்துகொண்டிருந்தபோது மட்டக்களப்புக்கு அருகே ஜப்பான் வேவு விமானத்தின் கண்ணில் பட்டுவிட்டது. விமானமே இல்லாத விமானந்தாங்கி, என்ன செய்ய முடியும். கரையில் இருந்து உதவிக்குப் போக வேண்டியவர்களுக்குச் செய்தி ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை, ஃபுல்மர் விமானங்கள் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. 307 பேர் இறந்தார்கள். பக்கத்தில் போய்க்கொண்டிருந்த வீட்டா என்கிற ஆஸ்பத்திரிக் கப்பல் அறுநூறு பேர் வரை காப்பாற்றியது. ஹெர்மிஸ் இன்னும் மட்டக்களப்புக் கடலுக்கு அடியில்தான் கிடக்கிறது, முக்குளிக்கிறவர்கள் போய்ப் பார்க்கிறார்கள்.

இனி சூலூர் அண்ணாவுக்கு. அமெரிக்க பி-29 குண்டு வீச்சு விமானங்கள் இருந்தது வங்காளத்தில், கரக்பூர் பக்கம், அதில் நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் சுமத்ராவில் பலெம்பாங் எண்ணெய் ஆலையை அடிக்க வேண்டும், அது ஜப்பானுக்கு விமான பெட்ரோல் கொடுத்த இடம். வங்காளத்தில் இருந்து போய்த் திரும்ப முடியாத தூரம். சீனக்குடாவில் இருந்து போனால் முடியும். அதற்காகவே ஓடுபாதையை 7,200 அடிக்கு நீட்டினார்கள். தம்பி, உங்கள் தாத்தா லேபரர் என்றால் அந்த ஓடுபாதை வேலையில் மண் சுமந்திருக்கக்கூட வாய்ப்பு உண்டு. 1944 ஆகஸ்ட் 10-ல் ஐம்பதுக்கும் மேற்பட்ட பி-29-கள் சீனக்குடாவில் எண்ணெய் நிரப்பிக்கொண்டு மாலையில் கிளம்பி ராத்திரியோடு ராத்திரியாகப் போய் அடித்துவிட்டுத் திரும்பின. போக வர சுமார் 3,800 மைல், வழியில் எங்கும் இறங்கவில்லை. அந்தப் போரில் அமெரிக்க விமானப்படை ஒரே மூச்சில் பறந்த மிக நீண்ட தாக்குதல் என்று இதைத்தான் சொல்வார்கள். இத்தனை பாடுபட்டும் ஆலைக்குப் பெரிய சேதம் இல்லை, அப்புறம் அந்த வழியைத் தொடரவும் இல்லை. பெரிய விமானங்கள், வரிசை, ஒரே ராத்திரி. தாத்தா சொன்னதில் எது கப்சா?

சூலூர்_ரிட்டயர்டு:

சார், 7,200 அடி ஓடுபாதை என்றால் அந்தக் காலத்துக்கு அது சாதாரணம் இல்லை. பி-29 எடை அப்படி, எண்ணெயும் குண்டும் ஏற்றினால் அறுபது டன் கிட்ட வரும், சின்னப் பாதையில் எழும்பாது. அதுவும் அந்த எஞ்சின் சூடு ஏறித் தீப்பிடிக்கிறதுக்குப் பேர் போனது. ஆகஸ்ட் மாசத்து திருகோணமலை வெயிலில் நிறுத்தி வைத்துக் கிளப்பியிருக்கிறார்கள் என்றால் மெக்கானிக் பையன்கள் என்ன பாடுபட்டிருப்பார்களோ. நான் இருந்த பட்டறையில் சாதாரண எஞ்சின் ஒன்றை வெயில் காலத்தில் ஓட்டிப் பார்க்கும்போதே கையில் கொப்புளம் வரும்.

கோத்தகிரி_பேரன்:

வாத்தியார் சார், அக்கா, சூலூர் அண்ணா, எல்லோருக்கும் நன்றி. இதை அப்படியே மாமாவுக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பினேன், ப்ளூ டிக் வந்து ரொம்ப நேரம் ஆச்சு, பதில் இல்லை.

இன்னும் ஒன்று புரியவில்லை. வேலை போன பிறகு தாத்தா ஏன் திருகோணமலையிலேயே வேறு வேலை தேடாமல் மலையேறித் தோட்டத்துக்குப் போனார்? பாட்டி கேட்டால் ‘பிரஜா உரிமை இல்லை’ என்று மட்டும் சொல்லும். அது தோட்டத்து ஆட்களுக்கு மட்டும் வந்த பிரச்சினை இல்லையா?

பந்தலூர்_செல்வி:

தோட்டத்துக்கு மட்டும் இல்லை தம்பி. இந்திய வம்சாவளி என்று இருந்த எல்லோருக்கும்தான், டவுனில் கடை வைத்தவர், சலவைத் தொழிலாளி, கேம்ப் கூலி எல்லோரும் அதில் மாட்டினார்கள். 1948 குடியுரிமைச் சட்டத்தில், அப்பாவோ அல்லது தாத்தாவும் முப்பாட்டனாருமோ சிலோனில் பிறந்ததாகக் காட்டணும். யாரிடம் பிறப்புப் பத்திரம் இருந்தது? 1949-ல் இன்னொரு சட்டம் போட்டு மனு செய்யலாம் என்றார்கள், அதற்குக் கல்யாணமானவர் ஏழு வருஷம், ஆகாதவர் பத்து வருஷம் தொடர்ந்து அங்கே இருந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். பெரும்பாலோர் மனு தள்ளுபடி. வெள்ளைக்காரன் கேம்பில் இருக்கும் வரை அந்தச் சம்பளம் வந்தது, அவன் போனதும் பிரஜா உரிமை இல்லாத ஆளுக்கு சர்க்கார் வேலை கிடையாது. தோட்டத்தில் தெரிந்த கங்காணி, சொந்தக்காரர் யாராவது இருந்தால் அங்கே பேர் பதிந்து லயத்தில் ஒரு காம்பரா, அதான் ஒரு அறை, வாங்கிக்கொள்ளலாம். எங்க தாத்தாவும் அதேதான் செய்தார், பதுளைக்குப் போனார்.

அப்புறம் 1964 அக்டோபரில் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் போட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளணும், 3,00,000 பேருக்கு அங்கே பிரஜா உரிமை, மீதி 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். பொருளைப் பங்கு போடுகிற மாதிரி. நம்மைக் கேட்டு யாரும் செய்யவில்லை. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தானே இங்கே கவர்மென்ட் தேயிலைத் தோட்டம், அதான் டான்டீ, ஆரம்பித்தார்கள். சேரம்பாடி, நெல்லியாளம், கொளப்பள்ளி எல்லாம் போய்ப் பாருங்கள், நம்ம ஆட்கள்தான். அதில் எத்தனை தாத்தாக்கள் கேம்பிலும் துறைமுகத்திலும் வேலை பார்த்தவர்களோ, எல்லோருக்கும் ஒரே பேர், ‘சிலோன் தோட்டத்து ஆள்’.

குன்னூர்_வாத்தியார்:

செல்வி சொன்னதற்கு மேல் நான் சேர்க்க எதுவும் இல்லை. அந்த எண்ணெய்த் தாங்கிகளுக்கு மட்டும் இன்னும் மவுசு குறையவில்லை. 2022 ஜனவரியில் ஒப்பந்தம் போட்டு, உபயோகிக்கக்கூடிய 99 தாங்கிகளில் 14 இந்தியன் ஆயில் கம்பெனியின் இலங்கைக் கிளைக்கு, 24 இலங்கை பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மீதி 61 இருவரும் சேர்ந்த கம்பெனிக்கு என்று பிரித்தார்கள். விமானத் தளத்தில் 1976-ல் இருந்து இலங்கை விமானப்படையின் பயிற்சிக் கல்லூரி.

தம்பி, ஆவணம் தேடுவதானால் லண்டன் கியூவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏர் 27 என்கிற வரிசையில் ஸ்குவாட்ரன் நாட்குறிப்புகளும், ஏர் 28 வரிசையில் தளங்களின் நாட்குறிப்புகளும் இருக்கின்றன. இணையத்தில் தேடலாம், சிலதுக்குக் காசு கேட்பார்கள். கூலியாட்கள் பெயரை அதில் எதிர்பார்க்க வேண்டாம், ஆபீசர் பெயர்தான் இருக்கும். ஆனால் 1957-ல் எந்தத் தேதியில் எந்தப் பிரிவை மூடினார்கள் என்பது தெரிந்தால் உங்கள் தாளில் இருக்கும் தேதியோடு ஒப்பிடலாம். தாளின் இரண்டு பக்கத்தையும் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்துப் போடுங்கள், தாத்தா பெயரை மறைத்துவிட்டு. ஸ்டாம்புக்குக் கீழே கையெழுத்துப் போட்டவரின் பதவி இருந்தால் எந்தப் பிரிவு என்று சொல்லிவிடலாம்.

கோத்தகிரி_பேரன்:

சரி சார், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போகும்போது எடுத்துப் போடுகிறேன். பின்பக்கத்தில் பென்சிலில் ஏதோ நம்பர் எழுதியிருக்கிறது, நாலு இலக்கமோ ஐந்தோ, டேப்புக்கு அடியில் இருக்கிறது. அதையும் பார்க்கிறேன். மாமா இப்போதுதான் பதில் போட்டார்: ‘அந்த பி-29 படம் இருந்தா அனுப்பு.’